கதிர்வீச்சுக்குப் பின் யாருடைய நினைவு மங்கும்? முன்கூட்டியே கூற முடியுமா?

மூளைக்குப் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, “இன்னும் எவ்வளவு நாள்?” என்பதுதான். அண்மைய ஆண்டுகளில் அதற்கு அடுத்தபடியாக இன்னொரு கேள்வியும் எழத் தொடங்கியுள்ளது. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த பிறகு அம்மா பழையபடி இருப்பாரா? பேரப்பிள்ளைகளின் பெயர் நினைவில் நிற்குமா? மருந்தை வேளை தவறாமல் தாமே எடுத்துக்கொள்வாரா?

முன்பு இந்த இரண்டாவது கேள்வி அதிகம் எழாததற்குக் காரணம் உண்டு. மூளைக்குப் பரவிய புற்றுநோயுடன் பெரும்பாலோர் சில மாதங்களே வாழ்ந்தனர். கதிர்வீச்சின் தாமத விளைவுகள் தலைகாட்டும் முன்பே நோய் முந்திக்கொண்டது. இன்று நுரையீரல், மார்பகம், தோல் ஆகியவற்றில் தொடங்கி மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் சிலவற்றுக்கு இலக்கு மருந்துகளும் நோயெதிர்ப்புச் சிகிச்சையும் வந்துவிட்டன. சில நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். கூடிய அந்த ஆண்டுகளில் அவர்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்பது இப்போது சிகிச்சை முடிவின் ஒரு பகுதியாகிவிட்டது.

மருத்துவ உலகம் இதற்கு ஒரு பாதி விடையை வைத்திருக்கிறது. நூறு பேருக்கு ஒரு வகைக் கதிர்வீச்சு கொடுத்தால் ஏறத்தாழ எத்தனை பேருக்கு நினைவாற்றல் குறையும் என்று சொல்ல முடிகிறது. அந்த நூறு பேரில் எதிரே அமர்ந்திருக்கும் இவர் எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்வதுதான் கடினமாக இருக்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்கும் முதல் வேலை சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நடக்க வேண்டியது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களைப் பொறுத்தவரை, அந்த வேலை எந்த மொழியில் நடக்கிறது என்பதும் முக்கியமாகிறது.

மூளைக்குள் நடப்பது என்ன?

கதிர்வீச்சின் பாதிப்பு மூன்று கட்டங்களாக வரும். சிகிச்சை நடக்கும் நாட்களிலும் அதை ஒட்டிய வாரங்களிலும் களைப்பு, தலைவலி, குமட்டல் இருக்கலாம். அடுத்த சில மாதங்களில் தூக்கக் கலக்கமும் மறதியும் தலைகாட்டலாம். இவற்றில் பல தாமாகவே சீராகிவிடும். மூன்றாவது கட்டம்தான் கவலைக்குரியது. ஆறு மாதங்களுக்குப் பிறகு, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, மெல்ல மெல்லத் தொடங்கும் இந்தத் தளர்ச்சி பெரும்பாலும் திரும்பிச் சரியாவதில்லை.

மூளையின் இருபுறமும் காதுக்கு உட்பக்கமாக ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. புதிய செய்தியை நினைவாகப் பதிய வைப்பது இதன் பணி. இங்குள்ள இளம் நரம்பணுக்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் என்பதை விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே காட்டின. இதோடு மூளையின் சிறு இரத்த நாளங்களும், நரம்புப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருளும் சேதமடைகின்றன. அதனால்தான் பலருக்கும் பழைய நினைவுகள் அப்படியே இருக்க, காலையில் யார் வந்து போனார்கள் என்பது மட்டும் மறந்துபோகிறது. யோசிக்கும் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது கடினமாகிறது.

ஆய்வுகள் உறுதிசெய்தவை

பல பத்தாண்டுகளாக, மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு முழு மூளைக்கும் கதிர்வீச்சு கொடுப்பதே வழக்கமாக இருந்தது. பொதுவாக 10 தவணைகளில் மொத்தம் 30 கிரே. கட்டி இருக்கும் இடத்தை மட்டும் குறிவைத்துத் தாக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறை பரவலான பிறகு, இரண்டையும் ஒப்பிட முடிந்தது.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 58 நோயாளிகள் கலந்துகொண்டனர். குறிவைத்த கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 24 விழுக்காட்டினருக்கும், அதோடு முழு மூளைக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் நான்காவது மாதத்தில் சொற்களை நினைவுகூரும் திறன் குறையும் என்று கணக்கிடப்பட்டது. வேறுபாடு தெளிவாகிவிட்டதால் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

2016இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 213 பேரிடம் நடந்தது. மூளையில் ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ளவர்கள் அவர்கள். மூன்று மாதங்களில் அறிவாற்றல் சரிவு, முழு மூளைக் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 91.7 விழுக்காட்டினரிடமும், குறிவைத்த கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 63.5 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. முழு மூளைக்கும் கொடுத்ததால் ஆயுள் கூடவும் இல்லை. கட்டிகள் சிலவே இருந்தால் முழு மூளைக்கும் கதிர்வீச்சு தருவதைத் தவிர்க்கும் இன்றைய நடைமுறைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

அந்த எண்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ‘பாதுகாப்பான’ பக்கத்திலும் 63.5 விழுக்காட்டினருக்குச் சரிவு ஏற்பட்டிருக்கிறது. பல சோதனைகளில் ஏதாவது ஒன்றில் குறிப்பிட்ட அளவுக்குமேல் மதிப்பெண் குறைந்தாலே அது சரிவு என்று அந்த ஆய்வு எண்ணியது. எனவே 91.7 விழுக்காடு என்றால் அத்தனை பேரும் மறதி நோயாளிகளாகிவிட்டார்கள் என்று பொருளாகாது. ஒரு சோதனையில் சற்றுத் தடுமாறியவரும், வீட்டு வழியை மறந்தவரும் ஒரே கணக்கில் அடங்குவார்கள். இணையத்தில் இந்த எண்ணை மட்டும் பார்த்துச் சிகிச்சையே வேண்டாம் என முடிவெடுப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

கணிப்பு ஏன் தடுமாறுகிறது?

கதிர்வீச்சின் அளவு, ஒரு தவணைக்கான அளவு, எவ்வளவு பகுதியில் படுகிறது, நோயாளியின் வயது ஆகியவை முக்கியம் என்பது நீண்டகாலமாகத் தெரிந்ததே. 1989இல் அமெரிக்க மருத்துவர்கள், மூளையில் பரவிய புற்றுநோய் குணமான பின்னர் கடுமையான மறதி நோய்க்கு ஆளான 12 பேரைப் பற்றி எழுதினர். நடை தள்ளாடியது, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒவ்வொரு தவணையிலும் அதிக அளவு கதிர்வீச்சு கொடுக்கப்பட்டிருந்தது அதில் பொதுவான அம்சமாக இருந்தது. தவணை அளவைச் சிறிதாக வைக்க வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து வலுப்பெற்றது.

ஆனால் எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும் என்பதை நெதர்லாந்து நோயாளிகள் உணர்த்தினர். மெதுவாக வளரும் மூளைக் கட்டி உள்ளவர்களைச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்து 2002இல் வெளியான முடிவு ஆறுதல் தந்தது. பாதிப்புக்குப் பெரும்பாலும் கட்டியே காரணம், தவணைக்கு 2 கிரேக்கு மேல் பெற்றவர்களுக்கு மட்டுமே நினைவாற்றல் குறைந்தது என்றது அது. அதே குழுவில் நோய் முற்றாமல் இருந்த 65 பேரைச் சராசரியாக 12 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சோதித்தபோது படம் மாறியது. 2009இல் வெளியான அந்த முடிவின்படி, கதிர்வீச்சு பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்குப் பல சோதனைகளில் குறைபாடு இருந்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் அது 27 விழுக்காடு. பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட சிறு தவணைகளைப் பெற்றவர்களின் கவனத்திறனும் குறைந்திருந்தது.

ஹிப்போகேம்பஸில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டால் நினைவாற்றல் போகும் என்று ஒரு எல்லைக்கோடு வகுக்கவும் முயன்றார்கள். இருபுற ஹிப்போகேம்பஸின் 40 விழுக்காட்டுப் பகுதி, சமன்செய்த கணக்கில் 7.3 கிரேக்கு மேல் பெற்றால் நினைவுகூரும் திறன் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்று ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. அதன் அடிப்படை 18 நோயாளிகள் மட்டுமே. அந்தக் கணக்கை ஐரோப்பிய நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்தபோது அது அப்படியே பொருந்தவில்லை.

2021இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எதிரான முடிவுகளைத் தந்தன. இரண்டும் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவாமல் தடுக்கக் கொடுக்கப்படும் கதிர்வீச்சைப் பற்றியவை. இரண்டிலும் ஒரு பிரிவினருக்கு ஹிப்போகேம்பஸை விலக்கிக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. ஸ்பெயின் ஆய்வில், மூன்று மாதங்களில் நினைவாற்றல் சரிவு 23.5 விழுக்காட்டிலிருந்து 5.8 விழுக்காடாகக் குறைந்தது. நெதர்லாந்து ஆய்வில், நான்கு மாதங்களில் ஒரு பிரிவில் 28, மறுபிரிவில் 29 விழுக்காடு, வேறுபாடே இல்லை. இரண்டு ஆய்வுகளும் பயன்படுத்திய நினைவாற்றல் சோதனைகள் வேறு வேறு. எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதும் விடையை மாற்றக்கூடும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

இப்போது எம்ஆர்ஐ படங்களையும் கதிர்வீச்சுத் திட்டத்தின் விவரங்களையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணிக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பே மூளையின் வெண்பொருளில் தென்படும் தேய்மானம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவை அபாயத்தைக் கூட்டலாம் எனச் சில ஆய்வுகள் சுட்டுகின்றன. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வுகளில் இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகமாக இருந்துவருகிறது. சிங்கப்பூரிலும் சீனர்களைவிட இந்தியர்களிடையே அதிகம். ஆகவே இந்தக் காரணிகளுக்கு இங்குள்ள தமிழர்களிடையே கூடுதல் கவனம் தேவை. எனினும் இவற்றையெல்லாம் கூட்டி ‘உங்களுக்கு இத்தனை விழுக்காடு’ என்று நம்பிக்கையுடன் சொல்லும் கருவி இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை.

தொடக்க அளவு இல்லாமல் ஒப்பீடு இல்லை

கணிப்புக்கும் பின்னர் நடக்கும் மதிப்பீட்டுக்கும் பொதுவான தேவை ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்கு முன் அந்த மனிதரின் நினைவாற்றல் எப்படி இருந்தது என்ற பதிவுதான் அது.

முழு மூளைக் கதிர்வீச்சு பெறவிருந்த 401 பேரைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு தொடங்கும் முன்பே 90.5 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு சோதனையிலாவது குறைபாடு இருந்தது. கட்டியும், அதைச் சுற்றிய வீக்கமும், முந்தைய சிகிச்சைகளும், வலிப்பு மருந்தும், மனச்சோர்வும் நினைவைக் குறைக்கும். அதே ஆய்வின் தொடர்ச்சியில், கட்டி நன்கு சுருங்கியவர்களின் அறிவாற்றல் அதிக காலம் நிலைத்திருந்ததும் தெரியவந்தது. நினைவைக் காக்க வேண்டும் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், வளரும் கட்டியே அந்த நினைவைப் பறித்துக்கொள்ளலாம்.

தொடக்க அளவு பதிவாகியிருந்தால், ஆறு மாதங்களுக்குப் பின் ஏற்படும் மாற்றம் எவ்வளவு என்று தெரியும். பதிவு இல்லையென்றால், ‘கரன்ட் வைத்த பிறகுதான் அப்பா இப்படி ஆனார்’ என்று ஒரு தரப்பும், ‘வயதானால் அப்படித்தான்’ என்று மறுதரப்பும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சோதனை எந்த மொழியில்?

உலக ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ஒரு சோதனை இப்படி நடக்கும். பன்னிரண்டு சொற்கள் வாசிக்கப்படும். அவை மூன்று வகைகளைச் சேர்ந்தவை. நோயாளி நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று முறை இது நடக்கும். ஏறத்தாழ 20 நிமிடங்கள் கழித்து, எத்தனை சொற்கள் நினைவிருக்கின்றன என்று மீண்டும் கேட்பார்கள். மேலே கண்ட எண்களில் பல இத்தகைய சொற்பட்டியலிலிருந்து கிடைத்தவையே.

இதைத் தமிழில் செய்வது சொற்களை மொழிபெயர்ப்பதோடு முடியும் வேலை அல்ல. ஆங்கிலத்தில் ஓரசையாக இருக்கும் சொல் தமிழில் நான்கைந்து எழுத்தாக நீளும். அங்கே அன்றாடம் புழங்கும் சொல் இங்கே பாடநூலில் மட்டும் இருக்கும். விலங்குகளின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதும் சில சோதனைகளில் உண்டு. காண்டாமிருகத்தைப் பார்த்ததும் ஒருவருக்கு ‘பாடாக்’ என்ற மலாய்ச் சொல்லே முதலில் வரலாம், இன்னொருவருக்கு ‘ரைனோ’. தமிழ்ச் சொல் வரவில்லை என்பதற்காக அவருக்கு மறதி என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லும் சோதனை ஆங்கில எழுத்துமுறைக்கு ஏற்ப உருவானது. எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோடிட்டு இணைக்கும் சோதனைக்கு எழுத்தறிவு வேண்டும்.

இங்குள்ள தமிழர்களின் மொழி வாழ்க்கை ஒரே அச்சில் வார்த்ததல்ல. தோட்டப்புறத்தில் வளர்ந்து, பள்ளிக்கு அதிகம் போகாத பாட்டி தமிழில் மட்டும் பேசுவார், வாசிக்கத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துப் பிறகு மலாயில் தொடர்ந்தவருக்குக் கணக்கு ஒரு மொழியிலும் உரையாடல் இன்னொரு மொழியிலும் ஓடும். சிங்கப்பூரில் வாழ்நாள் முழுவதும் ஆங்கிலத்தில் வேலை செய்தவருக்கு வீட்டில் மட்டும் தமிழ். இவர்களில் யாருக்கு எந்த மொழியில் சோதிப்பது என்பதை முகத்தையோ அடையாள அட்டையில் உள்ள இனத்தையோ பார்த்து முடிவுசெய்ய முடியாது. கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மருத்துவமனைகளில் விரைவாக நடத்தப்படும் 30 மதிப்பெண் மோக்கா சோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுக்கும் முறையும் அதில் உண்டு. முழுமையான சோதனைக்கு அது ஈடாகாது; ஆனாலும் பதிவே இல்லாததைவிட மேல். முக்கியமானது, முதல் முறை எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில், அதே வடிவில் அடுத்த முறையும் நடப்பது. முதலில் ஆங்கிலத்தில் தாதியும், ஆறு மாதம் கழித்துத் தமிழில் இன்னொருவரும் சோதித்தால், கிடைக்கும் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பேசாது.

மகனோ மகளோ மொழிபெயர்ப்பதிலும் சிக்கல் உண்டு. பிள்ளைகள் பாசத்தால் கோடி காட்டிவிடுவார்கள். தடுமாறும் பதிலைச் சீராக்கிச் சொல்வார்கள். அதனால் உண்மையான குறைபாடு மறைந்துபோகும். எதிர்மாறாக, மொழி புரியாமல் பெரியவர் மௌனமாக இருந்தால், இல்லாத குறைபாடு பதிவாகும். முதலாவது தவறு எச்சரிக்கையைத் தாமதப்படுத்தும். இரண்டாவது, ‘ஏற்கெனவே நினைவு போய்விட்டது’ என்ற முடிவோடு சிகிச்சைத் திட்டம் அமைய வழிவகுக்கலாம்.

கணித்து என்ன பயன்?

தடுக்க வழியே இல்லையென்றால் முன்கூட்டித் தெரிந்தும் பயனில்லை என்று தோன்றலாம். வழிகள் இருக்கின்றன. கட்டிகள் சிலவே என்றால் குறிவைத்த கதிர்வீச்சு. முழு மூளைக்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், ஹிப்போகேம்பஸை விலக்கிக் கொடுக்கும் முறை. அல்ஸைமர் நோய்க்குத் தரப்படும் மெமன்டின் மாத்திரையோடு இந்த முறையையும் சேர்த்து 518 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2020இல் வெளிவந்தது. வழக்கமான முழு மூளைக் கதிர்வீச்சும் மெமன்டினும் பெற்றவர்களைவிட, ஹிப்போகேம்பஸ் விலக்கப்பட்டவர்களுக்கு அறிவாற்றல் சரிவின் அபாயம் 26 விழுக்காடு குறைந்தது. ஆயுளில் வேறுபாடு இல்லை. கட்டி ஹிப்போகேம்பஸுக்கு மிக அருகில் இருந்தால் இந்த முறை பொருந்தாது.

குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு, ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் மூளைக்குள்ளும் வேலை செய்வதால், சிலருக்குக் கதிர்வீச்சைத் தள்ளிவைக்கவும் முடிகிறது. இன்னொரு முனையில், உடல்நிலை மிகவும் நலிந்தவர்களுக்கு முழு மூளைக் கதிர்வீச்சு தேவையா என்ற கேள்வியும் இருக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 538 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த குவார்ட்ஸ் ஆய்வு 2016இல் வெளிவந்தது. கதிர்வீச்சு பெற்றவர்கள் 9.2 வாரங்களும், மருந்தும் பராமரிப்பும் மட்டும் பெற்றவர்கள் 8.5 வாரங்களும் வாழ்ந்தனர் என்பது அதன் இடைநிலைக் கணக்கு. கடைசி வாரங்களை மருத்துவமனைக்குப் போய்வருவதில் கழிப்பதா, வீட்டில் கழிப்பதா என்பதைக் குடும்பம் இந்த எண்களை அறிந்து தீர்மானிப்பது நியாயம்.

குழந்தைகள் விஷயத்தில் கணிப்பு இன்னும் தெளிவு, கவலையும் அதிகம். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு தரப்படுகிறது. வயது எவ்வளவு குறைவோ, பின்னாளில் கற்றல் அவ்வளவு பாதிக்கப்படும். பிள்ளை கற்றதை இழப்பதைவிட, சகமாணவர்களைவிட மெதுவாகக் கற்பதால் ஆண்டுக்கு ஆண்டு பின்தங்குகிறது. அதனால் அபாயம் குறைந்த பிள்ளைகளுக்கு முழுப் பகுதிக்கான அளவு 36 கிரேயிலிருந்து 23.4 கிரேயாகக் குறைக்கப்பட்டது. மூன்று முதல் ஏழு வயதினருக்கு அதை 18 கிரேயாக மேலும் குறைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. நோயைக் கட்டுப்படுத்துவதில் அது பின்தங்கிவிட்டது. அறிவாற்றலைக் காப்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் இடையே எவ்வளவு குறுகலான பாதை இருக்கிறது என்பதை அந்த முடிவு காட்டுகிறது. கட்டிக்கு அப்பால் கதிர்வீச்சு சிதறுவதைக் குறைக்கும் புரோட்டான் சிகிச்சை இப்போது இந்த வட்டாரத்திலும் கிடைக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2023 முதல் இயங்கிவருகிறது.

காகிதங்களுக்கும் காலக்கெடு உண்டு

நினைவு மங்கக்கூடும் என்று தெரிந்தால், மனம் தெளிவாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. சிங்கப்பூரில் 21 வயதான எவரும், எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தின் வழி, தமக்குப் பின்னாளில் முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாமல் போனால் யார் தம் சார்பில் முடிவெடுப்பது என்பதைப் பதிவுசெய்யலாம். ஆற்றல் போன பிறகு அதைச் செய்ய முடியாது. அப்போது குடும்பத்தார் நீதிமன்றத்தை நாடிப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டியிருக்கும்.

மலேசியாவில் சிக்கல் கூடுதல். 1949ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டப்படி கொடுக்கப்படும் அதிகாரம், கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்தால் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். எது தேவையோ அந்த நேரத்தில் கைகொடுக்காத பத்திரம் அது. அதன்பின் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சேமநிதி வாரிசு நியமனம், வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன், உயில் ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முந்தைய வாரங்களிலேயே வழக்கறிஞரிடம் பேசி ஒழுங்குபடுத்துவது பின்னாளில் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும். நீடித்த அதிகாரப் பத்திரத்துக்கு மலேசியாவிலும் ஒரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்குப் புற்றுநோயாளிகளின் குடும்பங்களே வலுவான சாட்சி.

பலர் இந்தப் பேச்சையே அபசகுனமாகக் கருதுகிறார்கள். சிகிச்சை தொடங்கும் முன் உயில், பத்திரம் என்று பேசினால் நோயாளி மனம் தளர்ந்துவிடுவார் என்ற தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் தம் வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளைத் தாமே எடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருப்பதும் அந்தச் சில வாரங்களில்தான்.

குடும்பம் கேட்க வேண்டியவை

கதிர்வீச்சுத் திட்டம் பற்றிப் பேச அழைக்கும் நாளில், குடும்பத்தார் சில கேள்விகளைக் கையோடு எழுதிக் கொண்டுசெல்லலாம். முழு மூளைக்கும் கொடுக்கப்போகிறீர்களா, கட்டிக்கு மட்டுமா? முழு மூளைக்கு என்றால் ஹிப்போகேம்பஸை விலக்க முடியுமா? மெமன்டின் பொருந்துமா? தொடங்கும் முன் நினைவாற்றல் சோதனை நடக்குமா, எந்த மொழியில்? அதே சோதனை மீண்டும் எப்போது? மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா?

சிகிச்சைக்குப் பிறகு மறதி தென்பட்டால் எல்லாவற்றையும் கதிர்வீச்சின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடவும் கூடாது. மூளைக் கதிர்வீச்சுக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள் குறைவதுண்டு. அதைச் சோதித்து ஈடுசெய்ய முடியும். மனச்சோர்வு, தூக்கமின்மை, வலிப்பு மருந்தின் பக்க விளைவு, கட்டுப்பாடற்ற சர்க்கரை ஆகியவையும் நினைவைக் குலைக்கும். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு.

சோதனைத் தாளுக்கு அப்பால் இன்னொரு பதிவேடும் இருக்கிறது. சமையலில் உப்பு இரண்டு முறை விழுகிறதா, ஒரே கதை ஒரே மாலையில் திரும்பத் திரும்ப வருகிறதா, பேருந்து எண் தடுமாறுகிறதா, தொலைபேசியில் வரும் மோசடிக்காரரிடம் வங்கி விவரத்தைச் சொல்லிவிடுகிறாரா என்பதை முதலில் கவனிப்பவர்கள் உடன் வாழ்பவர்கள். தேதி போட்டுக் குறித்துவைத்த இரண்டு வரிகள் மருத்துவரின் மேசையில் பெரிய உதவியாக இருக்கும்.

அறிவாற்றல் சரிவைக் கணிக்கும் கருவிகள் இனிவரும் ஆண்டுகளில் மேம்படும். அவை எந்த நோயாளிகளின் விவரங்களைக் கற்று உருவாகின்றனவோ, அவர்களுக்கே நன்றாகப் பொருந்தும். தமிழ் பேசும் நோயாளிகளின் நினைவாற்றல் அவர்கள் சிந்திக்கும் மொழியில் அளக்கப்பட்டுப் பதிவாகவில்லை என்றால், நாளைய கருவிக்கும் அவர்களைத் தெரிந்திருக்காது. மருத்துவமனைகளும் சுகாதார அமைச்சுகளும் புதிய கதிர்வீச்சு இயந்திரங்களுக்குச் செலவிடும்போது, அரை மணி நேரம் தமிழில் உட்கார்ந்து சோதிக்கத் தெரிந்த ஒருவரைப் பயிற்றுவிப்பதையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். இயந்திரத்தோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.